கட்டிலில் கட்டிய சைக்கிள் மணி

மேனாம்பேடு, அம்பத்தூர்
11 ஜூன் 2023

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு அப்பா பிரகாசம் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். நானும் உன் அம்மாவும் சுகம். ஏற்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். உன்னைச் சிஸ்டர் பயிற்சிக்கு நவதுறவு இல்லத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிய அன்று வராந்தாவில் வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மா வந்தார். நான் இடுப்புவரை குனிந்து, “தோத்திரம் மதர். எம் பொண்ண உங்க கையில ஒப்படைச்சிட்டேன், ஆசீர்வாதம் பண்ணுங்க” என்றேன். அவரும் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அப்புறம் காலி கேனைத் தூக்கிக்கொண்டு போனார். பால் ஊற்ற வந்தவராம். உன் அம்மா சேலம் வரை சிரித்தாள். சேலத்திலிருந்து அம்பத்தூர் வரை அழுதாள். நான் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன்.

இந்த ஒரு வருடம் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் முதலில் உங்கள் ஆசிரியை சிஸ்டர் ரோஸிலி படிப்பாராம். மலையாளத்துக்காரர், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பிரஸ் மெஷின் என்னுடைய இரண்டு விரலை வாங்கிக்கொண்ட பிறகு என் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். அவருக்கு இது தவக்காலப் பரிகாரமாக இருக்கட்டும்.

அந்த விரல் போனபோதுதான் நீ போன தடவை மடத்தை விட்டு வீட்டுக்கு ஓடிவந்தாய். வேலப்பன்சாவடி காலேஜ் ஆபீசில் மூன்று வருடம் ஹால் டிக்கெட்டில் முத்திரை குத்தினாய். இப்போது உனக்கு இருபத்தொன்பது. இதற்கு மேல் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இந்தத் தடவை வீடு உன்னைக் கூப்பிடாது. நீ வருடம் முடித்துக் கடவுளுக்குக் கொடுக்கப்போவது உன் வார்த்தைப்பாடு. இது என்னுடையது.

கீழே அம்மா எழுதுகிறாள்.

உன் அப்பா,
பிரகாசம்

மகளே ஸ்வீட்டி, அப்பா எழுதியதில் பாதியைத் தள்ளிவிடு. நான் சேலம் வரை சிரிக்கவில்லை, மலையடிவாரம் வரைகூட இல்லை, பஸ் ஏறினதுமே அழுகைதான். தலைக்கு எண்ணெய் வை. - அம்மா

*

ஏற்காடு
2 ஜூலை 2023

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, மரியே வாழ்க. நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பால் ஊற்றுகிற அம்மா என்னைப் பார்த்தால் “உங்கப்பாவை நான்தான் ஆசீர்வதிச்சேன்” என்கிறார். இல்லம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்தோஷமா?

காலையில் செபம், வகுப்பு. பிற்பகலில் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை. அதில் கோமளா என்று ஒரு அம்மா, பக்கவாதம். ஊட்டப் போனால் கரண்டியைக் கடித்துக்கொண்டு விடமாட்டார். நேற்று நானும் அவரும் கால் மணி நேரம் ஒரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு

மறுநாள் தொடர்கிறேன். மணி அடித்துவிட்டது. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது அப்பா. மணி அடித்தால் செய்துகொண்டிருப்பதை அந்த இடத்திலேயே விட்டு எழ வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால் வாக்கியத்தை முடிக்கக்கூடக் கூடாது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. சிஸ்டர் சொன்னார்: “இடையூறுன்னு நினைக்காதே. யாரோ வாசல்ல நின்னு கூப்பிடுறாங்கன்னு நினை.”

வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே போனால் இந்த நவதுறவே செல்லாது என்று சட்டம் படித்தோம். படிக்கும்போது உங்கள் வார்த்தைப்பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் இரண்டு வரியைச் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் அம்மா எழுத வேண்டும்.

செபத்தில் உங்களைச் சுமக்கும் மகள்,
ஸ்வீட்லின்

*

மேனாம்பேடு
20 ஆகஸ்ட் 2023

மதிப்பிற்குரிய சிஸ்டர் ரோஸிலி அவர்களுக்கு, ஸ்வீட்லினின் அப்பா பிரகாசம் எழுதுவது. தோத்திரம் மதர். இந்தத் தடவை சரியான ஆளுக்குத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை என் மனைவி சகாயமேரி தோசைக் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே சரிந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை, வலது கால் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வது புரிகிறது என்று டாக்டர் சொல்கிறார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

“ஸ்வீட்லினுக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன். மறுபடி ஆட்டினாள்.

அவள் வந்தால் பதினைந்து நாளில் திரும்ப மாட்டாள் மதர். எனக்கு என் பெண்ணைத் தெரியும். போன தடவை என் இரண்டு விரலுக்கே மூன்று வருடம் உட்கார்ந்தவள். இது அரை உடம்பு. தயவுசெய்து வார்த்தைப்பாடு முடியும்வரை அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். வேறு வழி இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
பிரகாசம்

*

ஏற்காடு
28 ஆகஸ்ட் 2023

அன்பான சகோதரர் பிரகாசம், ஆண்டவரின் சமாதானம். மலையாளத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்காகத் தினமும் செபிக்கிறோம். பெயர் சொல்லாமல்.

நானாகச் சொல்ல மாட்டேன். அவள் என்னிடம் வந்து கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். கேட்டால், போவதும் இருப்பதும் அவளுடைய தீர்மானம்.

மணி அடித்தால் எழ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். உங்கள் வீட்டில் மணி அடித்திருக்கிறது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். அவளுக்கும் சேர்த்து அடித்த மணியை நீங்கள் கையால் பொத்திப் பிடித்திருக்கிறீர்களோ என்று மட்டும் பயப்படுகிறேன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

சிஸ்டர் ரோஸிலி

*

மேனாம்பேடு
3 செப்டம்பர் 2023

அன்பு மகளுக்கு, இயேசுவுக்கே புகழ். இங்கே எல்லாரும் சுகம். கோமளாம்மா கரண்டியை விட்டாரா?

அம்மாவின் கண்ணாடிக் கால் உடைந்துவிட்டது. உடைத்தது யார் என்று கேட்காதே, அதன் மேல் உட்கார்ந்தவர் இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால் இந்தத் தடவை அவள் எழுதவில்லை.

ஒரு உதவி வேண்டும். எதிர்வீட்டு ஜெகதீசன் தெரியுமல்லவா, அவன் மனைவி தேவிப்பிரியாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க வரவில்லை. அவன் பாவம், ஒன்றும் தெரியாதவன். தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. சோறு கன்னத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. முதுகில் சிவப்பாக ஒரு இடம் தெரிகிறது. புடவை கட்டிவிடத் தெரியவில்லை, கட்டினால் மூட்டை கட்டினது மாதிரி இருக்கிறதாம். நீ அங்கே இதைத்தானே கற்றுக்கொள்கிறாய்? விவரமாக எழுது. நான் அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உன் அப்பா,
பிரகாசம்

*

ஏற்காடு
1 அக்டோபர் 2023

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, மரியே வாழ்க. நான் நலம். தேவிப்பிரியா அக்காவை நினைத்தால் மனது கேட்கவில்லை. ஜூன் மாதம்கூட நான் கிளம்பும்போது தெருவே அதிர யாரையோ திட்டிக்கொண்டிருந்தாரே.

ஜெகதீசன் அண்ணனிடம் சொல்லுங்கள். படுக்கவைத்து ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, நல்ல பக்கமாக, அதாவது இடது பக்கமாக ஊட்ட வேண்டும். வெறும் தண்ணீர்தான் புரையேறும், கஞ்சி பதத்தில் கொடுத்தால் இறங்கும். ஒவ்வொரு வாய்க்கும் கன்னத்தில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முட்டிக்கு நடுவில் தலையணை. சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். புடவை வேண்டாம், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போதும்.

இன்னொன்று. பேச்சே வரவில்லையா, அல்லது ஒரு சொல் மட்டும் வருகிறதா? சிலருக்கு ஒரே ஒரு சொல் தங்கிவிடும். கோமளாம்மாவுக்கு “சாவி”. பசித்தாலும் சாவி, வலித்தாலும் சாவி. அதைக் கேலி செய்யாமல் முழுப் பேச்சாகவே எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா?

அம்மாவின் கண்ணாடி வந்துவிட்டதா?

ஸ்வீட்லின்

*

மேனாம்பேடு
29 அக்டோபர் 2023

அன்பு மகளுக்கு, இயேசுவுக்கே புகழ். எல்லாரும் சுகம். மழை ஆரம்பித்துவிட்டது, அயனம்பாக்கம் ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது.

நீ எழுதினதைப் படித்துப் படித்துத் தாள் கிழிந்துவிட்டது. ஜெகதீசன் இப்போது பெரிய நர்ஸ். முதல் தடவை ஒரு டம்ளர் கஞ்சி புரையேறாமல் இறங்கினபோது அவன் உட்கார்ந்து அழுதுவிட்டான். ஆம்பளை அழுவதா என்று நான் கேட்டேன்.

அவன் ஒரு வேலை செய்திருக்கிறான். கம்பெனிக்குப் போன பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றிக் கட்டில் சட்டத்தில் கட்டிவிட்டான், அவள் இடது கைக்கு எட்டுகிற மாதிரி. அவள் அடித்தால் இவன் ஓட வேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் ஓட வேண்டும், முகத்தில் பாதி சவரத்தோடும் ஓட வேண்டும். சும்மாவும் அடிப்பாள். ஓடி வந்தால் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் கோபம் வந்ததாம். இப்போது மணி அடிக்காவிட்டால்தான் எட்டிப் பார்க்கிறானாம். உங்கள் மடத்துச் சட்டத்தை அவனிடம் சொன்னேன். “அப்போ நானும் நவதுறவிதான்” என்கிறான். நான் பார்த்தவரையில், கோவிலில் முப்பது வருடம் பின்வரிசையில் தூங்கினவனுக்கு இந்த மணிதான் செபம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அவளும் நாள் முழுக்க இடது கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். மணி அடிக்கத்தான் அதை விடுகிறாள்.

அம்மா பூந்தமல்லியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதனால் எழுதவில்லை.

உன் அப்பா,
பிரகாசம்

*

ஏற்காடு
3 டிசம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு, மரியே வாழ்க. போன மாதம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோவிலில் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜெகதீசன் அண்ணனிடம் சொல்ல மறந்தவை சில. இடது காதில் பழைய வலி ஏதாவது இருக்கலாம். அந்தப் பக்கம் படுக்கவைக்கும்போது காதுக்கு அடியில் ஒரு துண்டை வளையமாகச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். தலையை நேர்வகிடு எடுத்து வாரிவிடட்டும், கோணவகிடு பிடிக்காமல் இருக்கலாம். கஞ்சியில் ஒரு துளி சுக்குப் பொடி போட்டால் ஒருவேளை விரும்பிக் குடிப்பார். சாயந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்குப் பழகிப்போன குரல்தானே.

இங்கே கோமளாம்மாவுக்கு ஊட்டும்போது நானும் இதையெல்லாம் செய்கிறேன்.

அந்தச் சொல் என்னவென்று நீங்கள் எழுதவில்லை.

ஸ்வீட்லின்

*

மேனாம்பேடு
7 ஜனவரி 2024

அன்பு மகளுக்கு, புத்தாண்டு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம்.

காதுக்கு அடியில் துண்டு வைத்ததும் அவள் மூன்று மணி நேரம் தூங்கினாளாம். சுக்குப் பொடிக்கும் பலன் இருக்கிறது. பாட்டுதான் கொஞ்சம் சிக்கல். ஜெகதீசன் பாட ஆரம்பித்தான், அவள் மணி அடிக்க ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்கிறாளா தாளம் போடுகிறாளா என்று கடைசிவரை தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நம் அன்பியத்துச் செபக்குழுக்காரர்கள் பதினாலு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று செபித்தார்கள். ஃபாதர் நற்கருணையைச் சின்னத் துண்டாக்கிக் கொடுத்தார். கேக்கைப் பாலில் கரைத்து ஊட்டினோம், ஊட்டினான்.

சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். உன்னை ஆசீர்வதிக்கிறாள்.

உன் அப்பா,
பிரகாசம்

*

ஏற்காடு
25 பிப்ரவரி 2024

அப்பா, நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மூன்றாம் தேதி காலையில் இல்லத்துப் போன் அடித்தபோதே அம்மா போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருந்த நான்கு நாளும் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கேட்க வேண்டியவள் நான். நேரில் வாய் வரவில்லை.

எனக்கு நவம்பரிலேயே தெரியும் அப்பா. தேவிப்பிரியா அக்கா வீட்டில் ஜெபமாலை ஏது? ஜெகதீசன் அண்ணன் வருடா வருடம் ஆடிக் கூழ் ஊற்றுகிறவர் அல்லவா. அந்த வரியைப் படித்த அன்றே சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். உண்மையைச் சொன்னார். “பதினைந்து நாள் போய் வா. இல்லை, ஒரேயடியாகப் போகிறாயா, அதுவும் உன் தீர்மானம்” என்றார்.

இரண்டு முறை பையைக் கட்டினேன். போனால் திரும்ப மாட்டேன் என்று பயம். போகாவிட்டால் எந்த முகத்தோடு வேறு ஒருவருடைய தாய்க்கு ஊட்டுவது என்றும் பயம். எது மணி, எது சோதனை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு முறையும் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டுப் பையை அவிழ்த்தேன். நீங்கள் அத்தனை பாடுபட்டுச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா வாய்க்குப் போக வேண்டியதைக் கோமளாம்மா வாய்க்கு ஊட்டினேன். ஆண்டவர் அதை அம்மாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேர்த்தாரா என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், அம்மா என்னைத் தேடினாளா என்று. “இல்லம்மா, ஜன்னல சாத்திக்கோ, காத்து அடிக்கும்” என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். தாளில் உண்மையை எழுதுங்கள். தேடியிருந்தாள் என்றால் மே முப்பத்தொன்றாம் தேதி பீடத்துக்கு முன்னால் நின்று வார்த்தைப்பாடு கொடுக்க என்னால் முடியாது.

ஸ்வீட்லின்

*

மேனாம்பேடு
10 மார்ச் 2024

அன்பு மகளுக்கு, இயேசுவுக்கே புகழ். நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தேவிப்பிரியா அனுப்புகிறாள். அடக்கத்தன்று அவள் காபி தூக்கோடு நம் வீட்டுக்குள் வந்தபோது நீ அழுதுகொண்டே சிரித்தாயே, அதன் காரணத்தை நான்தான் பிறகு ஜெகதீசனிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. “இன்னாண்ணாத்தே, எம் பொண்டாட்டிய ஆறு மாசமா படுக்கையில போட்டு வச்சிகினு கீறியா? அவ நல்லா கீறப்பவே என்னால தாங்க முடியல” என்றான். அப்புறம் என் தோளில் கை போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

நீ கேட்டதற்குப் பதில். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன், ஸ்வீட்லினுக்குச் சொல்லட்டுமா என்று. இரண்டு முறையும் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சிஸ்டர் ரோஸிலிக்கு அப்போதே எழுதியிருக்கிறேன், கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார். உன் அம்மா தலையை ஆட்டினால் அது ஆட்டினதுதான், உனக்கே தெரியும். ஆகவே நீ தைரியமாகப் பீடத்துக்குப் போ.

உன் அக்டோபர் கடிதத்தை ஃபாதர் ஜெராக்ஸ் எடுத்து அன்பியங்களுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் வந்த வினை, இப்போது ஆள் வந்து கூப்பிடுகிறார்கள். அயனம்பாக்கத்தில் அங்கம்மா என்று ஒருவர், திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லை. மேனாம்பேட்டிலேயே இரண்டு வீடு. எட்டு விரலோடு போய் நிற்கிறேன். போன வாரம் டீயை வாயில் வைத்த நேரம் ஒருவர் வந்து நின்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உன் சிஸ்டரிடம் சொல், பெருமைப்படட்டும்.

உன் அப்பா,
பிரகாசம்

*

மேனாம்பேடு
2 நவம்பர் 2024

சகாயம்,

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். நீ இருக்கிற இடத்தில் முட்டிவலி இருக்காது என்று நம்புகிறேன். பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு இடத்துக்குக் கொஞ்சம் சண்டையும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாதம் ஒரு கடிதம் எழுதிப் பழகிவிட்டது. இதற்கு உறை வாங்கவில்லை.

மே மாதம் உன் மகள் வார்த்தைப்பாடு கொடுத்தாள். பால் ஊற்றுகிற அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பூசையில் மதர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். “ஸ்வீட்லின்” என்று கூப்பிட்டதும் எழுந்து நின்று, “ஆண்டவரே, என்னை அழைத்தீரே, இதோ வருகிறேன்” என்றாள். குரல் நடுங்கவே இல்லை. எனக்குத்தான் இருமல் வந்துவிட்டது. வெளியே போய் நின்றேன்.

அப்புறம் மரத்தடியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டாள். “அம்மாவுக்கு ஒரு சொல்கூட இல்லையாப்பா?” என்றாள். கேக் சாப்பிடு என்றேன்.

தண்ணீருக்கு ஸ்வீட்டி. வலிக்கு ஸ்வீட்டி. நான் பாடினால் நிறுத்தச் சொல்லவும் ஸ்வீட்டி. மணி அடித்து, நான் ஓடி வந்து நின்றால், என் முகத்துக்குப் பின்னால் கதவைப் பார்த்து ஸ்வீட்டி. ஆறு மாதம் உன் வாயில் வேறு சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தலையை ஆட்டினாயே, அப்போதும் அதைச் சொல்லிக்கொண்டேதான் ஆட்டினாய்.

உன் தலை ஒன்று சொன்னது, வாய் ஒன்று சொன்னது. நான் தலை சொன்னதைக் கேட்டேன்.